அணி மாறிய ரன்னிங் பேக்: எடுக்கலாமா, விடலாமா?

அமெரிக்க ஃபுட்பாலில் பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு ஓடுபவர் ரன்னிங் பேக். பிலடெல்பியா ஈகிள்ஸ் அணிக்கு 2022 முதல் 2024 வரையிலான மூன்று பருவங்களில் மூன்று முதன்மை ரன்னிங் பேக்குகள். 2022இல் மைல்ஸ் சாண்டர்ஸ் 1,269 யார்டு ஓடினார். பிறகு கரோலினா பாந்தர்ஸ் அணிக்குப் போனார். அங்கே அடுத்த பருவத்தில் ஓடியது 432 யார்டு. அவர் விட்ட இடத்துக்கு டெட்ராய்ட் லயன்ஸிலிருந்து டி'ஆண்ட்ரே ஸ்விஃப்ட் வந்தார். அதுவரை ஒருமுறைகூட ஆயிரத்தைத் தொடாதவர், 2023இல் 1,049 யார்டு எடுத்தார். அவரும் சிகாகோ பேர்ஸ் அணிக்குக் கிளம்பினார். ஒரு கேரிக்கு, அதாவது பந்தை வாங்கி ஓடும் ஒரு தடவைக்கு, 4.6 யார்டாக இருந்த சராசரி 3.8 ஆகச் சுருங்கியது. மூன்றாவதாக வந்தவர் சாக்வான் பார்க்லி. நியூயார்க் ஜயன்ட்ஸில் 2023ஐ 962 யார்டோடு முடித்தவர், ஈகிள்ஸ் சட்டையில் 2024இல் 2,005 யார்டு ஓடினார்.

ஆட்கள் மாறினார்கள், வீடு மாறவில்லை. ரன்னிங் பேக்கின் எண்களில் பாதி அவருடையது, மீதி அந்த வீட்டினுடையது. அணி மாறும்போது அவர் மூட்டை கட்டி எடுத்துப்போவது எது, விட்டுவிட்டுப் போவது எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும். ஃபேன்டஸி ஃபுட்பாலில், அதாவது நிஜ வீரர்களின் எண்களே நமக்குப் புள்ளியாகும் கற்பனை அணி விளையாட்டில், அணி மாறியவரை எடுப்பதா என்று முடிவுசெய்ய உதவும் அந்தப் பிரிப்பைப் பற்றியது இந்தக் கட்டுரை.

கிரிக்கெட் ஃபேன்டஸி ஆடிவிட்டு அமெரிக்க ஃபுட்பாலுக்கு வருபவர்கள் ஒன்றை முதலில் மனத்தில் வைக்க வேண்டும். அங்கே ஒரே ஆட்டக்காரரை ஆயிரம் பேர் தங்கள் அணியில் வைத்துக்கொள்ளலாம். இங்கே பெரும்பாலான லீகுகளில் 10 அல்லது 12 பேர் வரிசையாக உட்கார்ந்து ஆட்களைத் தேர்ந்தெடுப்பார்கள். ஒருவர் எடுத்தவரை இன்னொருவர் எடுக்க முடியாது. அதனால் 'நல்ல ஆட்டக்காரரா?' என்பது அரைக்கேள்வி. 'இந்தச் சுற்றில் எடுக்கும் அளவுக்கு நல்லவரா?' என்பதே முழுக்கேள்வி.

லீகின் விதியைப் படியுங்கள்

சலிப்பான வேலைதான், ஆனால் இதைச் செய்யாமல் மற்றதெல்லாம் வீண். பொதுவாக 10 யார்டுக்கு ஒரு புள்ளி, எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டு சேர்க்கும் டச்டவுனுக்கு 6 புள்ளி, பந்தைக் கைநழுவவிட்டு எதிரணியிடம் இழந்தால் 2 புள்ளி கழிவு. வேறுபாடு வருவது பிடிக்கும் பந்துகளில். பிபிஆர் முறையில் பிடிக்கும் ஒவ்வொரு பந்துக்கும் ஒரு புள்ளி. சில லீகுகளில் அரைப்புள்ளி. பழைய முறையில் ஒன்றுமில்லை. ஒரு பருவத்தில் 60 பந்து பிடிப்பவருக்கும் 20 பிடிப்பவருக்கும் பிபிஆரில் 40 புள்ளி வித்தியாசம். ஏறக்குறைய ஏழு டச்டவுனுக்குச் சமம் அது.

பழைய எண்களை நான்காகப் பிரியுங்கள்

சென்ற பருவத்துக் கணக்கை எடுத்து நான்கு பெட்டிகளில் போடுங்கள்: எத்தனை கேரி, ஒரு கேரிக்கு எத்தனை யார்டு, எத்தனை டச்டவுன், எத்தனை பந்து பிடித்தார்.

பந்து பிடிக்கும் திறமை கையோடு வரும். அதைப் பயன்படுத்துவதா என்பது புது அணியின் விருப்பம். கேரிகளின் எண்ணிக்கையைப் பயிற்சியாளர் தீர்மானிக்கிறார். கேரிக்கு எத்தனை யார்டு என்பதில் முன்னால் நின்று இடித்து வழி திறக்கும் ஐந்து பருத்த மனிதர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. டச்டவுன்தான் இந்த நான்கில் மிகவும் ஏமாற்றும் எண்.

லயன்ஸ் அணியின் ஜமால் வில்லியம்ஸைப் பாருங்கள். 2022இல் அவர் ஓடி அடித்த டச்டவுன் 17, அமெரிக்கத் தொழில்முறை லீகான என்எஃப்எல்லிலேயே அதிகம். பெரும்பாலானவை கோட்டுக்கு ஓரிரண்டு யார்டு தூரத்திலிருந்து முட்டி நுழைந்தவை. அடுத்த பருவம் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணியில் அவருக்கு ஓட்டத்தில் கிடைத்தது ஒன்றே ஒன்று. அந்தப் பதினேழு எங்கே போயிற்று? டெட்ராய்ட்டிலேயே இருந்தது. சிகாகோவில் 2022இல் 5 டச்டவுன் அடித்த டேவிட் மான்ட்கோமரி, வில்லியம்ஸின் இடத்துக்கு வந்து 2023இல் 14 ஆட்டங்களில் 13 அடித்தார். கோட்டுக்கு அருகே அடிக்கடி வந்து சேரும் அணி, யார் கையில் பந்தைக் கொடுத்தாலும் டச்டவுன் கொடுக்கும். அதைத் தனிமனிதரின் சாமர்த்தியம் என்று எண்ணி விலை கொடுப்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். உங்கள் லீகிலும் இருப்பார்கள், நல்லதுதான்.

நாற்காலி காலியாக இருக்கிறதா?

பலர் புது அணியின் பெயரைப் பார்க்கிறார்கள். அங்கே யார் கிளம்பினார் என்று பார்ப்பதில்லை. பால்டிமோர் ரேவன்ஸில் 2023இல் கஸ் எட்வர்ட்ஸ் 198 கேரியில் 13 டச்டவுன் அடித்தார். அவர் 2024 மார்ச்சில் சார்ஜர்ஸுக்குப் போய்விட்டார். அதே மார்ச்சில் டெனஸி டைட்டன்ஸை விட்டு டெரிக் ஹென்றி ரேவன்ஸுக்கு வந்தார். வயது 30. 'ரன்னிங் பேக்குக்கு 30 என்றால் முடிந்தது' என்று பலர் விலகி நின்றார்கள். காலியான நாற்காலியின் அளவைப் பார்த்தவர்கள் விலகவில்லை. ஹென்றி அந்தப் பருவத்தில் 325 கேரி, 1,921 யார்டு, ஓட்டத்தில் மட்டும் 16 டச்டவுன்.

இதற்கு நேர்மாறானது டால்வின் குக் கதை. 2022இல் மினசோட்டா வைகிங்ஸுக்காக 1,173 யார்டு ஓடியவர், 2023 ஆகஸ்டில் நியூயார்க் ஜெட்ஸில் சேர்ந்தார். பெரிய பெயர்தான். ஆனால் அங்கே நாற்காலி காலியில்லை. பிரீஸ் ஹால் என்ற இளைஞர் முழங்கால் காயத்திலிருந்து தேறிவந்து அதில் உட்கார்ந்திருந்தார். குக்குக்குக் கிடைத்தது 67 கேரி, 214 யார்டு, டச்டவுன் பூஜ்யம். ஆகஸ்டில் யாரையாவது ஓர் அணி சேர்க்கிறது என்றால், பெரும்பாலும் அது காப்பீடு வாங்குவது போன்றது. காப்பீட்டுப் பத்திரத்தை மூன்றாம் சுற்றில் எடுக்காதீர்கள்.

நாற்காலியைப் பற்றி இன்னொன்று. வீரர்கள் புது அணிகளில் கையெழுத்திடுவது மார்ச்சில். கல்லூரி வீரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் என்எஃப்எல் டிராஃப்ட் நடப்பது ஏப்ரலில். அதனால் மார்ச்சில் போட்ட கணக்கைப் பென்சிலில் எழுதுங்கள். நாஜி ஹாரிஸ் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸில் நான்கு பருவமும் ஆயிரம் யார்டு தாண்டியவர். 2025 மார்ச்சில் சார்ஜர்ஸ் அவரை ஓராண்டு ஒப்பந்தத்தில் எடுத்தது. ஓராண்டுதான் என்பதே ஒரு முனகல். ஏப்ரலில் அதே அணி முதல் சுற்றில், 22ஆவது இடத்தில், ஒமாரியன் ஹாம்ப்டன் என்ற ரன்னிங் பேக்கைத் தேர்ந்தெடுத்தபோது அந்த முனகல் உரத்த குரலாகிவிட்டது. முதல் சுற்றில் எடுத்தவரை எந்த அணியும் நெடுநாள் உட்கார வைக்காது.

வழி திறப்பவர்கள் யார், எந்தப் பாணியில் திறக்கிறார்கள்?

இந்தப் பகுதிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும், ஏனென்றால் இதற்கு நேரம் கொடுப்பவர்கள் குறைவு.

டிமார்கோ முர்ரே டல்லஸ் கௌபாய்ஸில் 2014இல் 392 கேரி, 1,845 யார்டு, 13 டச்டவுன். அந்த ஆண்டு லீகில் அவருக்கு மேல் யாரும் ஓடவில்லை. அவருக்கு முன்னால் டைரன் ஸ்மித், டிராவிஸ் ஃபிரெடரிக், சாக் மார்ட்டின் ஆகியோர் நின்ற வரிசை. 2015இல் ஈகிள்ஸ் அவரைப் பெரிய ஒப்பந்தம் கொடுத்து அழைத்துக்கொண்டது. முதல் இரண்டு ஆட்டங்களில் 21 கேரி, 11 யார்டு. அச்சுப்பிழை இல்லை, பதினொன்றுதான். பருவ முடிவில் 193 கேரி, 702 யார்டு, 6 டச்டவுன். அடுத்து டைட்டன்ஸுக்கு மாற்றப்பட்டார். 2016இல் 293 கேரி, 1,287 யார்டு, 9 டச்டவுன். ஓட்டத்தை மட்டும் புள்ளியாக மாற்றினால் 2014இல் 262.5, 2015இல் 106.2, 2016இல் 182.7. அதே கால்கள், அதே மனிதர், மூன்று வீடுகள்.

2015இல் என்ன கெட்டது? வரிசையின் நடு ஆளுக்கு இருபுறமும் நிற்கும், பழகிய இரண்டு கார்டுகளான எவன் மாத்திஸையும் டாட் ஹெரமன்ஸையும் ஈகிள்ஸ் அந்த ஆண்டு விடுவித்திருந்தது. ஆனால் அது மட்டும் காரணம் என்றால், அதே வரிசைக்குப் பின்னால் ஓடிய ரயன் மாத்யூஸ் கேரிக்கு 5 யார்டுக்கு மேல் எடுத்திருக்க முடியாது. முர்ரேவுக்குப் பாணி ஒத்துவரவில்லை. டல்லஸில் அவர், பந்தை வீசுபவரும் கொடுப்பவருமான குவார்ட்டர்பேக்குக்கு நேர் பின்னால், பல யார்டு தள்ளி நின்று, பந்து கைக்கு வரும்போதே வேகமெடுத்து நேராகப் பாய்வார். அப்போதைய பயிற்சியாளர் சிப் கெல்லியின் ஈகிள்ஸ், குவார்ட்டர்பேக்கைப் பின்னால் தள்ளி நிறுத்தி ஆடும் ஷாட்கன் அமைப்பை நம்பியிருந்தது. அதில் ரன்னிங் பேக் அவர் பக்கத்தில் நின்று, பந்தை நின்ற நிலையில் வாங்கி, பக்கவாட்டில் போய்த்தான் வேகம் பிடிக்க முடியும். டெனஸியில் மீண்டும் நேராகப் பாயும் பாணி கிடைத்தது; மீண்டும் ஓடினார்.

எனவே புதியவர் செய்ய வேண்டியது இது. முதலில், புது அணியின் ஆஃபென்சிவ் லைனில், அதாவது வழி திறக்கும் அந்த வரிசையில், சென்ற பருவம் ஆடிய ஐந்து பேரில் எத்தனை பேர் இப்போதும் இருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். நான்கு பேர் இருந்தால் நல்ல அறிகுறி. ஈகிள்ஸில் 2024க்கு முன் வரிசையின் நடுவில் நிற்கும் சென்டர் ஜேசன் கெல்சி ஓய்வுபெற்றபோது சிலருக்குக் கிலி பிடித்தது. ஆனால் ஜோர்டன் மைலாட்டா, லாண்டன் டிக்கர்சன், லேன் ஜான்சன் மூவரும் இருந்தார்கள், வரிசைக்கான பயிற்சியாளர் ஜெஃப் ஸ்டௌட்லண்டும் இருந்தார். அந்தக் கிலி தேவையற்றதாயிற்று.

இரண்டாவது, இரண்டு காணொளிகள் பாருங்கள்: ஆட்டக்காரரின் பழைய அணியில் அவரது ஓட்டங்கள், புது அணியில் அவருக்கு முன்னிருந்தவரின் ஓட்டங்கள். பந்து வாங்கும்போது எங்கே நிற்கிறார், முதல் மூன்று எட்டு எந்தத் திசையில் வைக்கிறார் என்பதை மட்டும் கவனியுங்கள். நிபுணராக வேண்டியதில்லை. இரண்டும் ஒன்றுபோல இருக்கின்றனவா, வேறா என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

குவார்ட்டர்பேக் நண்பரா, பங்காளியா?

தானே ஓடும் குவார்ட்டர்பேக் இருக்கும் அணியில் ரன்னிங் பேக்குக்கு லாபமும் உண்டு, நட்டமும் உண்டு. ஹென்றிக்கு டைட்டன்ஸில் 2023இல் கேரிக்கு 4.2 யார்டு, ரேவன்ஸில் 5.9. லமார் ஜாக்சன் பந்தைக் கொடுக்கப்போகிறாரா, வைத்துக்கொண்டு ஓடப்போகிறாரா என்று எதிரணி ஒரு கணம் தயங்கும். அந்தத் தயக்கம் ஹென்றியின் வருமானம். நட்டம் எங்கே என்றால், நெருக்கடி வந்தால் இப்படிப்பட்ட குவார்ட்டர்பேக் பக்கத்தில் நிற்கும் ரன்னிங் பேக்குக்குச் சின்னதாகத் தட்டிவிடுவதற்குப் பதிலாகத் தானே ஓடிவிடுவார். ஹென்றி அந்தப் பருவம் முழுவதும் பிடித்தது 19 பந்து. பழைய முறை லீகில் இது பொருட்டில்லை, பிபிஆரில் பொருட்டு.

கோட்டருகே பங்காளிச் சண்டை இன்னும் கடுமை. ஈகிள்ஸில் கடைசி ஒரு யார்டுக்கு வந்துவிட்டால் ஜேலன் ஹர்ட்ஸைப் பின்னாலிருந்து எல்லோரும் தள்ளி உள்ளே அனுப்புவார்கள். 2023இல் ஹர்ட்ஸ் ஓட்டத்தில் 15 டச்டவுன் அடித்தார். ஆயிரம் யார்டு ஓடிய ஸ்விஃப்ட்டுக்கு 5தான். 2024இலும் ஹர்ட்ஸ் 14 எடுத்துக்கொண்டார். பார்க்லி 13 அடித்தார் என்றால், அவற்றில் பல நெடுந்தூர ஓட்டங்கள், தள்ளுமுள்ளு தேவைப்படாத தூரத்திலிருந்து வந்தவை. நெடுந்தூர ஓட்டம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. எனவே புது அணியின் குவார்ட்டர்பேக் சென்ற பருவம் ஓட்டத்தில் எத்தனை டச்டவுன் அடித்தார் என்று பாருங்கள். இரட்டை இலக்கம் என்றால், உங்கள் ஆளின் டச்டவுன் எதிர்பார்ப்பைத் தாராளமாகக் குறையுங்கள்.

தோற்கும் அணியின் கணக்கும் இங்கேதான் வருகிறது. பின்தங்கிவிட்ட அணி நேரத்தை மிச்சப்படுத்தப் பந்தை வீசத் தொடங்கும், ஓடாது. சாண்டர்ஸ் போய்ச் சேர்ந்த 2023 பாந்தர்ஸ் 2 வெற்றி, 15 தோல்வி. தலைமைப் பயிற்சியாளர் ஃபிராங்க் ரைக் நவம்பரிலேயே நீக்கப்பட்டார். சாண்டர்ஸுக்கு ஈகிள்ஸில் ரன்னிங் பேக் பயிற்சியாளராக இருந்த டியூஸ் ஸ்டேலி கரோலினாவிலும் இருந்தார். 'பழகிய ஆள், வாய்ப்புக் கொடுப்பார்' என்பது கோடைக்காலத்து வாதம். வாய்ப்பும் கிடைத்தது. ஆனால் இருந்த கேரிகளைச் சூபா ஹபர்டு மெல்ல மெல்லத் தம் பக்கம் இழுத்து 902 யார்டு ஓடினார்.

பணம் சொல்வதும் சொல்லாததும்

ஒப்பந்தத் தொகையில் உத்தரவாதமாகக் கொடுப்பதாகச் சொன்ன பகுதியை மட்டும் பாருங்கள். மற்றது செய்தித்தாள் தலைப்புக்கானது. பார்க்லிக்கு மூன்றாண்டுக்கு 37.75 மில்லியன் டாலர், அதில் 26 மில்லியன் உத்தரவாதம். இவ்வளவு கொடுத்தவரை ஈகிள்ஸ் வெளியே உட்கார வைக்காது என்பதில் சந்தேகமே வேண்டியதில்லை.

பணம் கேரிகளை வாங்கித் தரும். யார்டுகளை வாங்கித் தராது. ஸ்டீலர்ஸின் லெவியான் பெல் ஒப்பந்தத் தகராறில் 2018 முழுவதும் ஆடாமலிருந்து, 2019இல் 52.5 மில்லியன் டாலர் மதிப்புள்ள நான்காண்டு ஒப்பந்தத்தில் ஜெட்ஸில் சேர்ந்தார். ஜெட்ஸ் அவருக்கு 245 கேரி கொடுத்தது. அவர் எடுத்தது 789 யார்டு, கேரிக்கு 3.2, ஓட்டத்தில் 3 டச்டவுன். பிபிஆர் லீகில் அவரை வைத்திருந்தவர்களை ஓரளவு காப்பாற்றியது 66 பிடிகள். பந்து பிடிக்கும் திறமை கையோடு வரும் என்று மேலே சொன்னது இதைத்தான்.

வயதைப் பற்றி நீட்டி முழக்க மாட்டேன். ரன்னிங் பேக்குகள் சீக்கிரம் தேய்வது உண்மை. ஹென்றி விதிவிலக்கு என்பதும் உண்மை. 28ஐத் தாண்டியவர் அணி மாறினால் ஒரு சுற்று தள்ளி எடுங்கள், அவ்வளவுதான்.

ஆகஸ்டில் விலை பேசுவது

இத்தனை கேள்விகளுக்கும் ஒரு தாளில் பதில் எழுதுங்கள்: காலியான கேரி எத்தனை, வரிசையில் எத்தனை பேர் நிலைத்தவர்கள், பாணி ஒத்ததா, கோட்டருகே யார், பிடிப்பதற்கு வாய்ப்புண்டா, ஏப்ரலில் யாராவது வந்தார்களா. பிறகு, பொதுவாக எந்தச் சுற்றில் அவரை எடுக்கிறார்கள் என்று பாருங்கள். உங்கள் லீக் இயங்கும் தளமே இந்தச் சராசரியைக் காட்டும். உங்கள் தாள் சொல்வதும் சந்தை சொல்வதும் ஒன்றானால் ஆர்வப்பட ஒன்றுமில்லை. வேறுபடும் இடத்தில்தான் லாபம்.

சந்தை பெரும்பாலும் சென்ற பருவத்தைப் பார்த்து விலை வைக்கும். ஜாஷ் ஜேகப்ஸ் 2022இல் லாஸ் வேகாஸ் ரெய்டர்ஸுக்காக 1,653 யார்டு ஓடி லீகில் முதலிடம் பிடித்தவர். 2023இல் கேரிக்கு 3.5 யார்டோடு தடுமாறினார். கிரீன் பே பேக்கர்ஸில் 2024இல் 301 கேரி, 1,329 யார்டு, 15 டச்டவுன். மோசமான கடைசிப் பருவத்தோடு நல்ல வீட்டுக்குப் போகிறவரைத் தேடுங்கள். அபாரமான கடைசிப் பருவத்தோடு மோசமான வீட்டுக்குப் போகிறவரை அடுத்தவர் எடுக்கட்டும்.

பயிற்சி முகாம் செய்திகளில் 'உடம்பு கட்டுக்கோப்பாக இருக்கிறது', 'புத்துணர்ச்சியோடு இருக்கிறார்' போன்றவற்றைப் படித்துவிட்டு மறந்துவிடுங்கள்; எல்லா ஆகஸ்டிலும் எல்லோரும் அப்படித்தான் இருக்கிறார்கள். முன்னோட்ட ஆட்டங்களில் முதல் நிலைக் குவார்ட்டர்பேக்கோடு களத்தில் நிற்பது யார் என்பது செய்தி. மூன்றாவது டவுனில், அதாவது பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு வாய்ப்புகளில் மூன்றாவதில், பெரும்பாலும் பந்து வீசப்படும் நேரத்தில், அவர் களத்தில் இருக்கிறாரா, வேறொருவரை அனுப்புகிறார்களா என்பதும் செய்தி.

செப்டம்பர் தொடங்கியபின்

முதல் மூன்று வாரங்களில் புள்ளியைப் பார்க்காதீர்கள், பங்கைப் பாருங்கள்: அணியின் மொத்தக் கேரிகளில் உங்கள் ஆளுக்கு எத்தனை, அணி பந்தை ஆடிய தடவைகளில் எத்தனை தடவை களத்தில் நின்றார். 18 கேரியில் 50 யார்டு எடுத்தவரைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். 7 கேரியில் இரண்டு டச்டவுன் அடித்தவரை, ஆசைப்படும் யாருக்காவது அன்றே மாற்றிவிடுங்கள். கேரி குறைந்துகொண்டே வந்து, சக ஆட்டக்காரரின் கேரி ஏறிக்கொண்டே வந்தால், அந்தச் சக ஆட்டக்காரர் யாரிடமும் இல்லாமல் சும்மா கிடக்கிறாரா என்று உடனே பாருங்கள்.

பருவத்தின் நடுவில் அணி மாறுவது தனிக் கணக்கு. 2022 அக்டோபர் 20, வியாழக்கிழமை இரவில் கிறிஸ்டியன் மெக்காஃப்ரியை பாந்தர்ஸ், சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டிநைனர்ஸுக்கு மாற்றிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அவர் கான்சஸ் சிட்டி சீஃப்ஸுக்கு எதிராகக் களமிறங்கினார். 8 கேரி, 38 யார்டு. இரண்டு நாளில் ஓர் அணியின் ஆட்ட ஏடு முழுவதையும் யாரும் மனப்பாடம் செய்ய முடியாது. மறுவாரம் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் ஒரு டச்டவுன் வீசினார், ஒன்று ஓடி அடித்தார், ஒன்று பிடித்து அடித்தார். மாற்றம் வாரத்தின் கடைசியில் நடந்தால் முதல் ஞாயிறு அவரை வெளியே உட்கார வையுங்கள்; அடுத்த ஞாயிறு களமிறக்குங்கள். மாற்றம் நடந்த இரவே இன்னொரு வேலையும் இருக்கிறது: அவர் விட்டுவந்த அணியில் காலியான நாற்காலிக்கு அருகில் யார் நிற்கிறார் என்று பார்த்து, மற்றவர்கள் தூங்கி எழுவதற்குள் அவரை எடுத்துவிடுங்கள்.